அரூர் காலிங் பாலக்கோடு... ஓவர்!

எனக்கு வாழ்க்கையில் இரண்டு ரோஜர்களைத்தான் தெரியும். ஒருவர் ஜேம்ஸ்பாண்டாக நடித்த ரோஜர் மூர். இன்னொன்று எங்கள் தெருக்கோடி வீட்டு நாய். மூன்றாவதாக ஒரு ரோஜர் உண்டு என்பதும், அவர் இல்லாவிட்டால் மலைப்பாதையில் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்பதும் போன மாதம் ஒரு சனிக்கிழமைதான் தெரிந்தது.

‘ஓவர்’ விஷயமும் அப்படித்தான். ஆறு பந்து போட்டால் ஓவர். ஆபீஸில் கொஞ்சம் வாயைத் திறந்தால் ‘ரொம்ப ஓவரா பேசறே’. இவ்வளவுதான் என் ஞானம். ஆனால் தருமபுரிக்காரர்களுக்கு அந்தச் சொல் சின்ன வயசிலேயே காதில் விழுந்திருக்கும். வீரப்பன் தேடுதல் வேட்டை நடந்த வருஷங்களில் போலீஸ் ஜீப் நின்றாலே உள்ளேயிருந்து ‘கர்ர்ர்... ஓவர்’ என்று ஒரு குரல் வரும். நாங்கள் பொடியன்கள் தீப்பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு ‘ஓவர் ஓவர்’ என்று அலைவோம். 2004 அக்டோபர் 18-ம் தேதி பாப்பாரப்பட்டி பக்கத்தில் வீரப்பன் கதை முடிந்தது. எங்கள் தீப்பெட்டி வயர்லெஸ்ஸும் அதோடு ‘அவுட்’.

அப்புறம் செல்போன் வந்தது. வாட்ஸ்அப் வந்தது. எல்லோரும் எல்லா நேரமும் பேச முடியும் என்ற நிலைமை வந்தது. அதனாலேயே நானும் என் சிநேகிதன் ஒருத்தனும் இரண்டு வருஷமாகப் பேசவில்லை.

* * *

அவனை ‘மண்டி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலக்கோட்டில் தக்காளி மண்டி. என்னோடு பி.காம். படித்தவன். நான் டெபிட், கிரெடிட் என்று ஆபீஸ் நாற்காலியில் தேய்ந்துகொண்டிருக்க, அவன் தக்காளியில் ஒரு வாரம் லட்சாதிபதி, மறு வாரம் கடன்காரன் என்று சுவாரசியமாக வாழ்கிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சரக்கு வேன் வாங்க ஒரு கடன். ‘நீ ஜாமீன் கையெழுத்துப் போடுடா’ என்றான். எனக்கு ஏற்கெனவே வீட்டுக் கடன் கழுத்து வரைக்கும். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன செய்தேன்? போனை எடுப்பதை நிறுத்திவிட்டேன். பதினோரு மிஸ்டு கால். அப்புறம் அதுவும் நின்றுபோச்சு.

மற்ற சிநேகிதர்கள் ‘பாங்க்’, ‘ஜவுளி’ இருவரும் சேர்ந்து சதி செய்து போட்டதுதான் இந்த வத்தல்மலை பயணம். தருமபுரி நாலு ரோட்டில் டீக்கடை வாசலில் பார்த்துக்கொண்டோம். மண்டி என்னைப் பார்த்தான். நான் பட்டர் பிஸ்கட்டைப் பார்த்தேன்.

“ரெண்டு கார். அவன் ஒண்ணுல, நீ ஒண்ணுல. பேச வேண்டாம், சரியா?” என்றான் பாங்க். “ஆனா கார்களுக்குள்ள பேச்சு வார்த்தை உண்டு. அதுக்குத்தான் வாத்தியார்!”

வாத்தியார் என்பது பட்டப்பெயர் இல்லை. நிஜமாகவே பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுக்கிறார். ஜவுளியின் பெரியப்பா பையன். எங்களைவிடப் பத்து வயசு பெரியவர். லைசென்ஸ் வாங்கிய ‘ஹாம்’ ரேடியோக்காரர். மத்திய அரசின் பரீட்சை எழுதிப் பாஸாகி, வி.யு. என்று ஆரம்பிக்கும் ‘கால் சைன்’ வைத்திருப்பவர். (ராஜீவ் காந்தியும் ஹாம்தான். அவருடைய கால் சைன் வி.யு.2ஆர்.ஜி.)

பையிலிருந்து இரண்டு வாக்கி டாக்கியை எடுத்துக் கொடுத்தார். இன்னொரு பெரிய செட் உள்ளேயே இருந்தது. நான் ஆசையாகக் கையை நீட்டினேன்.

“அதைத் தொடாதீங்க தம்பி. அது ஹாம் செட். லைசென்ஸ் இல்லாதவன் அதுல பேசினா குத்தம். உங்க கையில இருக்கிறது 446 மெகாஹெர்ட்ஸ். சக்தி கம்மி. 2018-லேர்ந்து இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் வேண்டாம்னு விட்டிருக்காங்க.”

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கண்ட வாக்கி டாக்கியை வாங்கிவிடாதீர்கள். எந்த அலைவரிசை, லைசென்ஸ் வேண்டுமா என்று சொல்லாமல் விற்ற இணையக் கடைகளுக்கு 2025-ல் மத்திய நுகர்வோர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பி, புது விதிமுறையும் போட்டிருக்கிறது. போலீஸும் ஆம்புலன்ஸும் பேசுகிற இடத்தில் நாம் ‘மச்சி, பிரியாணி ஆர்டர் பண்ணிட்டியா?’ என்று புகுந்தால் என்ன ஆகும், யோசியுங்கள்.

* * *

பாடம் அதியமான்கோட்டையில் நடந்தது. காலபைரவர் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மரநிழலில் உட்கார்ந்தோம்.

“முதல் பாடம். இது போன் இல்லை. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். பட்டனை அழுத்தினா இதுக்கு வாய் மட்டும்தான். காது கிடையாது. விட்டாத்தான் காது வரும்.”

“எங்க மேனேஜர் மாதிரியா சார்?” என்றான் பாங்க்.

“அவருக்குப் பட்டன் இருக்கா, பாருங்க” என்று சிரிக்காமல் தொடர்ந்தார் வாத்தியார். பட்டனை அழுத்திய உடனே பேசக்கூடாது. ஒரு வினாடி பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் எழுத்து பறிபோகும். வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடிக்க வேண்டும். கத்தினால் தெளிவாகக் கேட்காது, கரகரக்கும். முதலில் கூப்பிடப்படுபவர் பெயர், அப்புறம் நம் பெயர். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால்தானே அவர் காதைத் தீட்டிக்கொள்வார்!

‘ஓவர்’ என்றால் ‘நான் முடித்துவிட்டேன், நீ பேசு’. ‘அவுட்’ என்றால் ‘பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம்’. சினிமாவில் ஸ்டைலாகச் சொல்கிறார்களே, ‘ஓவர் அண்ட் அவுட்’... அது ‘உட்காருங்க, கிளம்புங்க’ என்று ஒரே மூச்சில் விருந்தாளியிடம் சொல்வது மாதிரி.

‘ரோஜர்’ கதை இன்னும் வேடிக்கை. தந்தி காலத்தில் செய்தி கிடைத்தது என்பதற்கு ஆர் என்ற எழுத்தை அடிப்பார்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஆர் எழுத்தை வாயால் சொல்ல ‘ரோஜர்’ என்று வைத்திருந்தார்கள். 1956-ல் உலகம் முழுவதும் ஒரே மாதிரி புது எழுத்து வரிசை வந்தது. ஆல்ஃபா, பிராவோ, சார்லி... அதில் ஆர் எழுத்துக்கு ‘ரோமியோ’! ஆனால் ‘செய்தி கிடைத்ததா?’ என்றால் ‘ரோமியோ’ என்று பதில் சொல்ல எந்த பைலட்டுக்கும் மனசு வரவில்லை போல. பழைய ரோஜரே நிலைத்துவிட்டார்.

“கவனிங்க. ரோஜர்னா ‘கிடைச்சுது’ன்னுதான் அர்த்தம். ‘சரி’ன்னு அர்த்தம் இல்லை. நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு. அவ்வளவுதான். சம்மதம்னா ‘அஃபர்மேட்டிவ்’. முடியாதுன்னா ‘நெகட்டிவ்’. யோசிக்கணும்னா ‘ஸ்டாண்ட் பை’. எதையாவது ஒண்ணு சொல்லியே ஆகணும். சும்மா இருக்கிறதுன்னு ஒரு பதில் ரேடியோவில கிடையாது.”

மண்டி என்னைப் பார்த்தான். நான் காலபைரவர் கோபுரத்தைப் பார்த்தேன்.

“ஏன் சார் இவ்வளவு பெரிய வார்த்தை? ‘ஆமாம், இல்லை’ன்னா போதாதா?” என்று கேட்டு நிலைமையைச் சமாளித்தேன்.

“உங்க தமிழையே எடுத்துக்குங்க. ‘வர வேண்டும்’, ‘வர வேண்டாம்’. கடைசி எழுத்து ரெண்டுலதான் வித்தியாசம். பட்டனைச் சீக்கிரம் விட்டுட்டா அங்கே ‘வர வேண்...’னு கேக்கும். வருவானா, மாட்டானா?”

அன்றைக்குத்தான் கவனித்தேன். தமிழில் எதற்கும் வாலில்தான் விஷயம். ‘நிறுத்து’வும் ‘நிறுத்தாதே’யும் முக்கால்வாசி தூரம் ஒரே பாதையில் போய்க் கடைசியில்தான் பிரிகின்றன. வால் அறுந்தால் வண்டி போச்சு!

அடுத்து எழுத்துப் பாடம். டி.என்.29 என்கிற தருமபுரி வண்டி நம்பரை ‘டேங்கோ நவம்பர் டூ நைன்’ என்று சொல்லப் பழகினோம். ஜவுளிக்குத் தமிழ்ப் பற்று பொங்கிவிட்டது. நம் ஜில்லாவுக்கு நாமே ஒரு வரிசை போடலாமே என்றான். அ - அரூர். இ - இண்டூர். ஒ - ஒகேனக்கல். க - காரிமங்கலம். த - தொப்பூர். ந - நல்லம்பள்ளி. ப - பாலக்கோடு. ம - மொரப்பூர். ஜோராகப் போயிற்று. மூன்று சுழி ‘ண’வில் வண்டி பஞ்சர். அதில் ஆரம்பிக்கிற ஊருக்கு எங்கே போவது? தவிரவும் எங்கள் ஜில்லாவில் பாதி ஊர் ‘அள்ளி’ என்று முடியும். கரகரப்பில் ‘...அள்ளி’ மட்டும் கேட்டால் தேடிப் போகிறவன் ஜில்லாவையே அள்ள வேண்டியதுதான்.

கடைசியில் வரிசையைக் கைவிட்டு, கார்களுக்கு மட்டும் பெயர் வைத்தோம். முன்னால் போகும் எங்கள் கார் ‘அரூர்’. பின்னால் மண்டி ஓட்டும் கார் ‘பாலக்கோடு’.

சிக்னல் எப்படி இருக்கிறது என்பதற்கும் மார்க் உண்டு. தெளிவுக்கு ஐந்து, பலத்துக்கு ஒன்பது. முழு மார்க் ‘ஃபைவ் நைன்’. விடைபெறும்போது ‘செவன்ட்டி த்ரீ’. 1850-களில் அமெரிக்கத் தந்தி ஊழியர்கள் வைத்த நம்பர். இன்றைக்கும் ஹாம்கள் ‘அன்புடன்’ என்பதற்கு 73 என்றுதான் சொல்கிறார்கள். ‘க்யூ’வில் ஆரம்பிக்கும் குறியீடுகளும் இருக்கின்றன. க்யூ.டி.ஹெச். என்றால் இருக்கும் இடம். க்யூ.ஆர்.எம். என்றால் குறுக்கே வேறு நிலையத்தின் தொந்தரவு. கப்பல்களுக்காகப் பிரிட்டிஷ்காரர்கள் தயாரித்தது 1912 லண்டன் மாநாட்டில் உலகத்துக்கே பொதுவானது. ரகசிய பாஷையா என்றால், நேர் எதிர். பாஷை தெரியாத இரண்டு பேருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக வந்தவை. ஹாம் ரேடியோவில் ரகசியமாகப் பேசவே அனுமதி இல்லை.

“ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு எட்டலேன்னா, நடுவுல இருக்கிறவர் வாங்கி அப்படியே சொல்லணும். அது ‘ரிலே’. உங்க ஊர்ல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலயே இருந்தது.”

“யாரு சார்?”

“ஔவையார்!”

உண்மைதானே? தகடூர் அதியமானுக்கும் காஞ்சித் தொண்டைமானுக்கும் நடுவே தூது போனவர். உன் ஆயுதங்கள் புதுசு மாறாமல் பளபளக்கின்றன, எங்கள் ராஜாவின் ஆயுதங்களோ போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வது போல் ஒரு போடு போட்டார். தொண்டைமான் மனசுக்குள் ‘ரோஜர்’ சொல்லியிருப்பான்.

* * *

வத்தல்மலைப் பாதை அழகும் பயமும் சமபாகம். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு வளைவிலும் தருமபுரி இன்னும் கொஞ்சம் சின்னதாகும். காற்று மாறும். செல்போனில் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

“பாலக்கோடு, பாலக்கோடு, இது அரூர். வளைவுல மண்ணு சரிஞ்சு கிடக்கு. இடது பக்கம் ஒதுங்கி வா. ஓவர்” என்றான் பாங்க். “அரூர், இது பாலக்கோடு. ரோஜர். ஜவுளிக்கு வாந்தி வருதாம். ஓவர்” என்று மண்டி. அவன் குரலை இரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறேன். பாங்க் செட்டை என் பக்கம் நீட்டினான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நடுவில் மலை மறைத்தால் பேச்சு அறுந்துவிடும். இந்த அலைகளுக்கு நேர்ப்பார்வை வேண்டும், பாறையைத் துளைத்துப் போகத் தெரியாது என்றார் வாத்தியார்.

மேலே சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே காபிச் செடிகள். மரத்தில் மிளகுக்கொடி. ஒரு டீக்கடை. டீயை ஆற்றிக்கொண்டே வாத்தியார் அந்தமான் கதையைச் சொன்னார். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேர் போயிருந்தது. உலகத்து ஹாம்களோடு பேசி மகிழத்தான். 26-ம் தேதி காலையில் சுனாமி. போன்கள் செத்தன. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன செட்டுகள் அன்றிலிருந்து ‘இன்னார் உயிரோடு இருக்கிறார்’ என்று கரைக்குச் சேதி சொல்லும் வேலையைப் பார்த்தன.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்கள் செட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது இல்லாமயே நாங்க பேசுவோம் தம்பி. ரோடு இல்லாத காலத்துல இந்தக் கரட்டுலேர்ந்து அந்தக் கரட்டுக்குக் குரல் விடுவோம். மொதல்ல ஒரு நீட்டு. அப்பறம் ஆளு பேரு. அப்பறம் வாய மூடிக்கிட்டுக் காதக் குடுக்கணும். எதுக்கால குரல் வரும்.”

“வரலேன்னா?”

“இன்னொருக்கா விடுவோம். அப்பவும் வரலேன்னா ஏதோ ஆயிப்போச்சுன்னு அர்த்தம். நாலு பேரு கிளம்பிருவோம். காதுல விழுந்தும் குரல் குடுக்காதவன் எங்க மலையில கிடையாது தம்பி.”

நான் டீயைப் பார்த்தேன். டீயில் ஆடை படிந்திருந்தது.

* * *

இறங்கும்போதுதான் வந்தது வினை.

நாலைந்து வளைவு இறங்கியிருப்போம். எங்கள் செட்டில் விளக்கு எரிந்தது. ‘ஓவர்’ வரவில்லை. பாட்டுச் சத்தம் வந்தது. கியர் மாற்றும் சத்தம் வந்தது. அப்புறம் ஜவுளியின் குரல்.

“பட்டன் எங்கயோ அமுங்கிக்கிச்சு” என்றார் வாத்தியார். மண்டி செட்டைத் தொடைக்கும் சீட்டுக்கும் நடுவே சொருகியிருக்கிறான். அவன் அறியாமலே ஒலிபரப்பு! பாங்க் சிரிக்க ஆரம்பித்தான். அடுத்து வந்தது மண்டியின் குரல்.

“கையெழுத்துப் போடாதது எனக்குப் பெரிசா இல்லடா. அவனுக்கும் கடன் இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஆளைப் பார்த்திருப்பேன். பதினோரு தடவை அடிச்சேன். ரெண்டாவது நாள் பயந்தே போய்ட்டேன், இவனுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு. அப்பறம் பார்த்தா வாட்ஸ்அப்புல யாருக்கோ பர்த்டே வாழ்த்து போட்டிருக்கான்...”

பாங்க் சிரிப்பை நிறுத்திவிட்டான். வாத்தியார் செட்டை அணைக்கப் போனவர் நிமிர்ந்தார். எதிரே கீழ் வளைவில் ஒரு சரக்கு வேன். மேலே சிமென்ட் மூட்டை. முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறியது. நாங்கள் அகலமான இடத்தில் ஒதுங்கினோம். வேன் டிரைவர் தலையை நீட்டி, “லோடு வண்டி சார், நிறுத்தினா பின்னால போயிரும். மேல இருக்கிற காரை நிறுத்தச் சொல்லுங்க!” என்று கத்திக்கொண்டே போனார்.

மேலே இருந்ததுதான் மண் சரிந்த அந்த ஒடுக்கமான வளைவு. பாலக்கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

பாங்க் பட்டனை அழுத்தி “நிறுத்து நிறுத்து” என்று அலறினான். “பிரயோஜனமில்லை. அவர் பட்டன் அமுங்கியிருக்கிறவரைக்கும் அவருக்குக் காது கிடையாது” என்றார் வாத்தியார். போனில் சிக்னல் இல்லை. ஹாரனை விடாமல் அடித்தோம். செட்டில் மண்டியின் குரல் வந்தது. “எதுக்குடா இவனுங்க சும்மா ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கானுங்க?”

கதவைத் திறந்து ஓடினேன். இரண்டு வளைவுக்கு நடுவே ஆடு மாடு ஏறுகிற குறுக்குத் தடம் ஒன்று இருந்தது. நாற்காலியில் வளர்த்த தொப்பை அன்றைக்கு ஒத்துழைத்தது தெய்வச் செயல். முள் கிழித்தது. ஒரு செருப்பு போனது. மேல் ரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றபோது, பாலக்கோடு வளைவில் திரும்பி வந்தது. கிறீச்! என் முட்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

அடுத்த நிமிஷமே முக்கிக்கொண்டு வந்தது வேன். மண்டி காரை ஓரம் கட்ட, ஒரு கை இடைவெளியில் உரசாமல் ஏறிப் போனது. சரிந்த மண் பக்கம் பள்ளம். நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்த ஜவுளி அதற்கப்புறம் வாந்தியைப் பற்றிப் பேசவே இல்லை.

மண்டி இறங்கி வந்தான். எனக்கு மூச்சு வாங்கியது. அவன் திரும்பி சீட்டைப் பார்த்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்த செட்டை எடுத்தான். என்னைப் பார்த்தான்.

“எல்லாம் கேட்டுச்சா?”

“ஃபைவ் நைன்” என்றேன்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பட்டனை யார் முதலில் அழுத்துவது என்ற பிரச்னை. நானே அழுத்தினேன்.

“அன்னிக்கு நான் ‘நெகட்டிவ்’னு சொல்லியிருக்கணும்டா. சொல்லத் தைரியம் வரலை.”

“ரோஜர்” என்றான் மண்டி. சரி என்றோ மன்னித்தேன் என்றோ சொல்லவில்லை. கிடைத்தது என்று மட்டும் சொன்னான். அது போதுமாக இருந்தது.

* * *

ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல். அருவிச் சத்தத்தில் செட்டெல்லாம் வெறும் பொம்மை. பரிசல்காரர்கள் கையசைவிலேயே பேசிக்கொண்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வறுவலுக்கு நாங்கள் நாலு பேரும் கை நீட்டியபோது, ‘ஒரு நேரத்தில் ஒருவர்’ என்கிற விதி காற்றில் பறந்தது. மண்டியும் நானும் ஒரே இலையில்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸில் இருக்கும்போது போன் அடித்தது. மண்டி. முதல் மணியிலேயே எடுத்தேன்.

“டேய், தக்காளி விலை படுத்திருச்சு. ஒரு இருபதாயிரம் கிடைக்குமா?”

மாசக் கடைசி. என் பாங்க் பாலன்ஸைச் சொன்னால் நீங்களே அழுவீர்கள். பழைய ஆளாக இருந்தால் ‘மீட்டிங்ல இருக்கேன்’ என்று வைத்திருப்பேன்.

“நெகட்டிவ்” என்றேன்.

ஒரு வினாடி மௌனம்.

“ரோஜர். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, கறிக்குழம்பு. செவன்ட்டி த்ரீ!”